பாதி பானட்

மீசை இல்லாமல் ஒருநாள் என் கடை வாசலில் வந்து நின்றான். எனக்கு அடையாளமே தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரன், தினமும் பார்க்கிற முகம், ஆனாலும் யாரோ ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆள் என்று நினைத்து, "எத்தன காப்பி?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தான். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"இன்னாடா இது கோலம்? வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கினியா?"

"இல்லக்கா. முடி வெட்டிக்கப் போனேன். அந்தண்ணன் போன் பேசிக்கினே மீசையில கத்திய வெச்சிட்டாரு."

"வேணாம்னு சொல்றதுக்கு இன்னா?"

"ஒரு பக்கம் எடுத்துட்டாருக்கா. அதுக்கப்பறம் எப்டி சொல்றது?"

"எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாமே!"

தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மீசை திரும்ப வளரும்வரை அவன் மகள் அவனிடம் போகாமல் அழுதாள். கம்பெனியில் எல்லாரும் கேலி செய்தார்கள். அவன் அடுத்த மாதமும் அதே கடைக்குத்தான் முடிவெட்டப் போனான்.

அவனைப் பற்றி யாராவது கேட்டால் நான் இந்த மீசைக் கதையைத்தான் முதலில் சொல்வேன். வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்பதோ, வேண்டாம் என்பதோ அவனால் ஆகாத காரியம். டீக்கடையில் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லமாட்டான். வந்த பாயசத்தைக் குடித்துவிட்டு வருவான். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரிடம் வழிவிடச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வருவான். ஊமை என்று நினைத்துவிடாதீர்கள். நாம் பேச்சுக் கொடுத்தால் நன்றாகவே பேசுவான், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். தனக்கென்று கேட்கவேண்டிய இடத்தில்தான் வாய் பூட்டிக்கொள்ளும்.

இப்படிப்பட்டவன் போய் சொந்தமாகத் தொழில் தொடங்கினான் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், நடுவில் கொஞ்சம் நோட்டீஸ் வேலை. அவன் எங்களுக்கு அடுத்த வீட்டு மாடியில் குடியிருந்தான். மனைவி, ஒரு பெண் குழந்தை. ஊருக்கு வெளியே ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஷிப்ட் இல்லாத நேரத்தில் ஸ்கூட்டரின் முன்னும் பின்னும் வேக்குவம், பம்ப், தண்ணீர் கேன், துணி மூட்டை என்று கட்டிக்கொண்டு, வீடு தேடிப் போய் கார் சுத்தம் செய்து கொடுப்பான். நான் ஒருமுறை அதை வாட்டர் வாஷ் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிவிட்டது.

"வாஷ் இல்லக்கா, டீட்டெய்லிங். வாஷ்னா தண்ணி அடிச்சி வுட்டுடுவாங்க. நான் சீட்டு தையல்ல இருக்கற மண்ணு வரைக்கும் எடுப்பேன். ஏசி வாய்க்குள்ள பிரஷ் வுடுவேன். பாலிஷ் போட்டேன்னா பானட்ட பாத்து நீங்க பொட்டு வெச்சிக்கலாம்."

பொய் இல்லை. என் அண்ணன் வண்டியை ஒருநாள் செய்துகொடுத்தான். கடற்கரைப் பக்கத்து வீடு, உப்புக் காற்றில் வெளுத்துப்போன வண்டி. அதைப் பார்த்து அண்ணியின் அம்மா, "புது வண்டி எடுத்தீங்களே, எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார். அண்ணனுக்குக் கார் வைத்திருக்கிற சிநேகிதர்கள் நிறையப் பேர். "ரெண்டு பேருக்குச் சொல்லுங்கண்ணே" என்று இவன் ஒரு வார்த்தை விட்டிருந்தால் போதும். அண்ணனுக்கும் அது தானாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டு ஆம்பிளைகளுக்கு எதுதான் தானாகத் தோன்றியது!

சரி, கேட்கத்தான் வாய் வரவில்லை, நோட்டீசாவது அடிப்போம் என்று நானே உட்கார்ந்து டைப் செய்தேன். 'உங்கள் வாசலுக்கே வந்து கார் டீட்டெய்லிங்' என்று மேலே போட்டு, நடுவில் கார் படம், கீழே போன் நம்பரைப் பெரிதாகப் போட்டேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, நம்பர கொஞ்சம் சின்னதா போடலாமா?"

"ஏன்டா?"

"கூப்புடு கூப்புடுன்னு சொல்ற மாதிரி இருக்குது."

"பின்ன எதுக்குடா நோட்டீஸ் அடிக்கறோம்?"

விட்டால் நம்பரையே எடுத்துவிடச் சொல்லியிருப்பான். அந்த வாரம் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடவும் கற்றுக்கொடுத்தேன். அழகழகாகப் போட்டோ போட்டான், செய்வதற்கு முன், செய்த பின் என்று. யாரும் எதுவும் கேட்கவில்லையே என்று போனை வாங்கிப் பார்த்தால், ஸ்டேட்டஸைப் பார்க்கக்கூடியவர்கள் என்று இரண்டே பேரை வைத்திருக்கிறான். ஒன்று அவன் மனைவி, இன்னொன்று நான். "மத்தவங்களுக்கு எதுக்குக்கா தொந்தரவு" என்கிறான். அன்றைக்கு நான் அவனை அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

அவன் மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பொண்ணு பாக்க வந்தப்பவே அப்டிதான்க்கா. நக கேக்கல, வண்டி கேக்கல, பேருகூட கேக்கல. எங்க ஆயாதான், எதுவுமே கேக்காத மாப்பள, கண்ண மூடிக்கினு குடுன்னு எங்கப்பாகிட்ட சொல்லிடுச்சி. நானும் நல்ல மனுசன்னு கட்டிக்கினேன். நல்ல மனுசன்தான், அத நான் இல்லன்னு சொல்லல."

அவளுக்கு வேறு கவலை இருந்தது. கம்பெனியில் ஷிப்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இன்றைக்கோ நாளைக்கோ போகச் சொல்லிவிடுவார்கள் என்று பேச்சு. மஸ்கட்டில் இருக்கிற அவள் அண்ணன், அங்கே ஒரு கார் கழுவுகிற கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு இவனை அனுப்ப இஷ்டம் இல்லை. குழந்தை அப்பன் மேல் உயிராக இருந்தாள். "மாசாமாசம் நிரந்தரமா கொஞ்சம் வண்டி கெடச்சா போதும்க்கா, இங்கயே இருந்துடலாம்" என்பாள். கேட்கத் தெரியாத அந்த மனுஷன் ஊரில் இருப்பதா, கடல் தாண்டிப் போவதா என்பது அந்த வண்டிகளில்தான் இருந்தது.

அப்போதுதான் அவனாக ஒரு வழி கண்டுபிடித்தான். இப்போது நினைத்தாலும் அது அவன் மூளைக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. காலையில் எழுந்து போய், தெருவில் நிற்கிற அழுக்குக் கார் ஒன்றைப் பார்த்து, அதன் பானட்டில் சரிபாதியை மட்டும் துடைத்து பாலிஷ் போடுவான். நடுவில் கோடு கிழித்தமாதிரி ஒரு பக்கம் கண்ணாடியாக மின்னும், இன்னொரு பக்கம் அழுக்காக அப்படியே இருக்கும். முன் கண்ணாடியிலும் பாதி. எங்கள் ஊர் போர் தண்ணீர் கண்ணாடியில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், எளிதில் போகாது. அதற்கு எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்ப்பான். எல்லாம் முடிந்ததும் வைப்பரில் நோட்டீஸைச் செருகிவிட்டு, சொந்தக்காரர் வருவதற்குள் ஓடி வந்துவிடுவான். கேட்கவே வேண்டாம், வண்டியே கேட்டுக்கொள்ளும் என்பது அவன் கணக்கு.

"எவனாவது திருடன்னு புடிச்சி ஒதைக்கப் போறான்" என்று பயமுறுத்தினேன். நடந்தது வேறு. உப்பளம் ஏரியாவில் ஒரு பெரியவர் போன் போட்டு, "டேய், பாதிய செஞ்சிட்டு எங்கடா ஓடிப் போன? இத எப்டி நான் ஓட்டிக்கினு போவன்? மரியாதையா வந்து மீதிய செய்" என்று கத்தினாராம். இவன் நடுங்கிக்கொண்டே போனான். அவர் விழுந்து விழுந்து சிரித்து, காபி கொடுத்து, வண்டி முழுக்கச் செய்யச் சொல்லி, மருமகன் வண்டியையும் கொடுத்தார். அப்படி இன்னும் சில பேர் வந்தார்கள். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அவனும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்த நாட்கள் அவை.

அந்தப் பெரியவரின் மருமகன் வண்டியைப் பார்த்துவிட்டு விசாரித்து வந்தவர், உழவர்கரைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்ரட்டரி அம்மா. ரிட்டையர்டு டீச்சர். இவன் வேலை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. குடியிருப்பில் இருக்கிற எல்லா வண்டிகளையும் மாதாமாதம் இவனிடமே கொடுத்துவிடலாம் என்று அவராகவே சொன்னார். ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. இரண்டாவது மாடியில் ஒரு ரியல் எஸ்டேட்காரர் இருக்கிறார், அவர் சரி என்றால் மற்ற எல்லாரும் சரி என்பார்கள். "நான் சொல்லி வெச்சிருக்கேன். நீயே போயி ஒரு வார்த்த கேட்டுடுப்பா" என்றார் அந்த அம்மா.

ஒரு வார்த்தை. அவன் மனைவி அன்றைக்கே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். நான் அவனைக் கடையில் நிற்கவைத்து ஒத்திகை பார்த்தேன். "வணக்கம் சார், செக்ரட்டரி அம்மா சொன்னாங்க, உங்க வண்டிய நான் செய்யட்டுமா, அவ்ளோதான், சொல்லு பாக்கலாம்" என்றேன். என்னிடம் அட்சரம் பிசகாமல் சொன்னான். போனான். அவர் வீட்டு வாசல்வரை போய், காலிங்பெல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். மறுபடியும் போனான். அப்போது அவர் லிஃப்டில் இவனோடேயே இறங்கி வந்திருக்கிறார். இவன் மேலே எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் முகம் மலர என் கடைக்கு வந்தான்.

"வேல முடிஞ்சிதுக்கா. அவரு வண்டி தெருவுலதான் நின்னுது, வாதாமரத்துக்குக் கீழ. மெரூன் கலரு. பாதி பானட் போட்டேன் பாருங்க, நானே அசந்துட்டேன். ஷிப்டுக்கு நேரமாய்டுச்சி, எலுமிச்சம்பழத்த கூட அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன்."

நான் காலண்டரைப் பார்த்தேன்.

"அடப்பாவி! இன்னிக்கு அமாவாசடா!"

அவன் புரியாமல் பார்த்தான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை தெரியும், பெரிய வெள்ளி தெரியும், ஷிப்ட் தெரியும். அமாவாசை ஏன் தெரியப்போகிறது? அமாவாசையில் பாதி எலுமிச்சம்பழத்தைப் பார்த்தால் செய்வினை என்றுதான் நினைப்பார்கள் என்று நான் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது.

அங்கே நடந்ததைச் செக்ரட்டரி அம்மாதான் பிறகு சொன்னார். அந்த ரியல் எஸ்டேட்காரர் அப்பாவை இழந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கடற்கரைக்குப் போய்த் தர்ப்பணம் கொடுக்க வேட்டியோடு இறங்கி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் வண்டி பாதி மின்னுகிறது, பாதி செத்துக் கிடக்கிறது. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் பாதி எலுமிச்சம்பழம், சாறு பிழிந்தது. அதுவும் அமாவாசை காலை. நோட்டீஸ் இருந்திருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். அந்தக் குடியிருப்பு வாட்ச்மேன் பல் டாக்டர் நோட்டீஸ், ட்யூஷன் நோட்டீஸ் என்று எதைப் பார்த்தாலும் பிடுங்கிக் குப்பையில் போடுகிற ஆள். இதையும் போட்டுவிட்டார். மனுஷன் வண்டியைத் தொடாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று குடியிருப்பே கீழே இறங்கி வந்துவிட்டது.

"இப்பவே போ. நான்தான் செஞ்சன், விளம்பரத்துக்குத்தான் செஞ்சன்னு சொல்லிடு. திட்டுவாங்க, திட்டட்டும். அப்பறம் சிரிச்சிடுவாங்க" என்று துரத்தினேன். ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டுப் போனான். அவ்வளவு பெரிய காரியத்துக்குக் கிளம்பினானே என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

மத்தியானம் திரும்பி வந்தான். நெற்றி நிறையக் குங்குமம், கையில் தொன்னை, தொன்னையில் சுண்டல்.

"சொன்னியா?"

"இல்லக்கா."

பூசாரியை வரவழைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்துக்கொண்டிருந்தார்களாம். இவன் ஒரு ஓரமாக நின்றிருக்கிறான். வேடிக்கை பார்க்க வந்த ஆள் என்று நினைத்து இவனையும் உள்ளே கூப்பிட்டு நிற்கவைத்துவிட்டார்கள். எல்லாம் முடிந்ததும் அந்த ரியல் எஸ்டேட்காரரே இவனுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"இன்னா சொன்னாரு தெரியுமாக்கா? 'அப்பா போனதுலேர்ந்து எனக்கு ஒண்ணுமே வெளங்கல தம்பி, தொட்டதெல்லாம் நின்னு போச்சி, ராத்திரில தூக்கம் கெடயாது. இன்னாத்துக்குன்னு இன்னிக்குதான் தெரிஞ்சிது. எடுத்தாச்சி. இனிமே எனக்குப் பயமில்ல'ன்னு சொல்லி அழுதாருக்கா. நான் எப்டி சொல்றது?"

"அவுரு நிம்மதியா இருக்கட்டும்டா. உன் பொண்டாட்டி புள்ளைக்கு யாரு நிம்மதி குடுப்பா? நீ கம்முனு இரு, நான் போய் சொல்றேன்."

அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "எம்மேல சத்தியம்க்கா, போவக் கூடாது. அத்தன பேரு முன்னாடி பூச போட்டாரு. இப்ப போயி சொன்னா அவரு மொகத்த எங்க வெச்சிப்பாரு?" கெஞ்சினான் என்றுகூடச் சொல்லலாம். தனக்காக எதையும் கேட்காதவன், என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அது. நான் எப்படி மறுப்பேன்?

பூசாரி சொன்னபடி அந்த வண்டியை அந்த மாதமே விற்றுவிட்டார்கள். வெளியாட்கள் யாரும் வண்டிகளைத் தொடக்கூடாது என்று கேட்டில் போர்டு வைத்தார்கள். செக்ரட்டரி அம்மா இவனுக்குப் போன் செய்து, "உன்ன தப்பா நெனச்சி இல்லப்பா, எல்லாரும் பயந்து போயிருக்காங்க, நான் ஒண்ணும் பண்ண முடியல" என்றார். இவன் வழக்கம்போல, "பரவால்லம்மா" என்றான்.

கொஞ்ச நாள் கழித்து அந்த அம்மா ஏதோ காப்பி எடுக்க என் கடைக்கே வந்தார். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அதை நான் கேட்காமலே இருந்திருக்கலாம்.

"அந்த ரியல் எஸ்டேட்காரர்கிட்ட நான் முன்னாடியே இந்தப் பையனப் பத்திப் பேசிட்டேன்மா. 'வரச் சொல்லுங்க, என் வண்டியத்தான் மொதல்ல செய்யணும்'னாரு. பையன் எப்ப வருவான்னு என்னையே ரெண்டு தடவ கேட்டாரு. இவன்தான் வரவே இல்ல."

அவர் போனபிறகு கொஞ்ச நேரம் எனக்கு எந்தக் காப்பியும் நேராக விழவில்லை. சரி என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இவன் அவர் வீட்டு மணியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான். லிஃப்டில் பக்கத்தில் நின்றிருக்கிறான். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அதற்குள் மஸ்கட் வேலைக்கு மெடிக்கல் எல்லாம் முடிந்து, அவன் கிளம்புகிற நாள் குறித்தாகிவிட்டது. வேக்குவத்தையும் பம்பையும் கேட்ட முதல் ஆளுக்கே கொடுத்துவிட்டான். ஏர்போர்ட்டுக்குப் போகிற அன்றைக்குக் குழந்தை அவன் கழுத்தை விடவில்லை. பிரித்தெடுக்க அவள் அம்மாவால் முடியவில்லை, நான்தான் பிரித்தேன். அந்தக் கை இப்போதும் எனக்குக் கனமாக இருக்கிறது.

மஸ்கட்டிலிருந்து போன மாதம் எனக்கு வாய்ஸ் அனுப்பியிருந்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா, இங்க நல்லாருக்குதுக்கா. வண்டிங்க தானா வந்து வரிசையில நிக்குது. யார்கிட்டயும் போயி எதுவும் கேக்க வேணாம். நான் பாட்டுக்கு செஞ்சினே இருப்பேன்."

அதைக் கேட்டு எனக்கு அழுகைதான் வந்தது. ஊரிலேயே அவனுக்கு இப்படி ஒரு இடம் கிடைத்திருக்கக் கூடாதா? எத்தனை அழுக்குக் கார் ஓடுகிறது இந்தப் பாண்டிச்சேரியில்!

நேற்று அவன் மனைவி ஸ்கூலுக்குக் கொடுக்க ஏதோ காப்பி எடுக்க வந்தாள். குழந்தையும் கூட வந்திருந்தாள். அவனோடு அதே பிளேனில் போனவர்கள் எல்லாம் லீவுக்கு வந்து, சொந்த பந்தத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியும் போய்விட்டார்கள் என்று சொன்னாள்.

"இவனுக்கு மட்டும் ஏன் லீவு குடுக்க மாட்டேங்கறாங்க?" என்று கோபமாகக் கேட்டேன்.

அவள் காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அதெல்லாம் குடுப்பாங்களாம்க்கா. மேனேஜரு நல்லவரு, போயி கேட்டா ஒடனே குடுத்துடறாராம். இவுரு போயி கேக்கணும்."

அவள் போனிலிருந்தே அவனைக் கூப்பிட்டேன். எடுத்தான். "டேய், லீவு கேட்டியா இல்லியா?" என்று கத்தினேன். தண்ணீர் பீய்ச்சுகிற ஓசை மட்டும் கேட்டது.

"கேக்கறேன்க்கா. இப்ப அவரு வேலையா இருக்காரு."

அவன் போனபோது அந்தக் குழந்தைக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. அது விழுந்து, புதுப் பல்லும் முழுசாக முளைத்துவிட்டது. அவன் இன்னும் கேட்கவில்லை.